குன்னூர் லேம்ஸ் ராக் காட்சிமுனை: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் என்ற காட்சிமுனைக்குச் செல்லும் மலைச்சாலையில், ஊரைவிட்டு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில், சாலையோரத்திலிருந்து ஒரு நடைபாதை காட்டுக்குள் பிரிந்து செல்கிறது. மரநிழலில் கால் மணி நேரம் நடந்தால், அந்தப் பாதை செங்குத்தான ஒரு பாறையின் விளிம்பில் முடிகிறது. கீழே குன்னூர் ஆற்றின் பள்ளத்தாக்கும், எதிரே அடர்ந்த மலைச்சரிவும், தென்கிழக்கே மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை வரை விரியும் சமவெளியும் ஒரே பார்வையில் தெரியும் இந்த இடத்திற்கு லேம்ஸ் ராக் என்று பெயர். டால்பின் நோஸுக்குச் செல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி இங்கே நிற்காமலே கடந்துவிடுவதால், சரியான நேரத்தில் சென்றால் அமைதியாக அமர்ந்து பார்க்க முடிகிறது.

இங்கே நடப்பது எளிது. அந்த நடைபாதையின் தொடக்கத்திற்கு உரிய நேரத்தில் வந்து சேர்வதில்தான் சிரமம் இருக்கிறது. நீலகிரிக்குள் வண்டி நுழைய மின்னணு அனுமதிச்சீட்டு (இ-பாஸ்) தேவை, பிளாஸ்டிக்கிற்குத் தடை உண்டு, கோடையில் போக்குவரத்து ஒருவழியாக மாற்றப்படுகிறது, முற்பகலிலேயே மூடுபனி ஏறிவிடுகிறது. இவற்றை முன்பே அறியாமல் மலையேறியவர்கள், பாறை வரை சென்றும் வெண்மையைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பியிருக்கிறார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் ஒருமுறை திரும்பியது. அந்த அலைச்சல் உங்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் தேர்ந்தெடுங்கள்

விடுப்பு கிடைத்த நாளில் கிளம்புவது என்ற வழக்கம் இந்த இடத்திற்குப் பொருந்தாது. சமவெளி தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. அப்போது மழை குறைவு, காலை நேரம் தெளிவாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும். ஜனவரியில் குன்னூரின் இரவு வெப்பநிலை பத்து டிகிரியை ஒட்டி இறங்குவதால், கம்பளி ஆடை கட்டாயம் தேவை. ஜனவரியிலும் பொங்கல் விடுமுறை நாட்களையும் குடியரசு நாளை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்கள் கோடை சீசன். உதகை மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சியும் மே மாதத்தில்தான் வருவது வழக்கம் என்பதால், அந்த நாட்களில் குன்னூர் நகரைக் கடப்பதற்கே நெடுநேரம் ஆகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். குன்னூர் மலையின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால், கூடலூர், பந்தலூர் பகுதிகளைப் போல இங்கே மழை கொட்டுவதில்லை என்றாலும், மூடுபனியும் காற்றும் நாள் முழுவதும் இருக்கக்கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே குன்னூர், கோத்தகிரி பகுதிகளுக்கு முக்கியமானது. இந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவும் மரம் முறிந்து விழுவதும் அடிக்கடி நேர்கின்றன. மலை ரயில் பல நாட்கள் நிறுத்தி வைக்கப்படுவதும் உண்டு. இந்தக் காலத்தில் போக நேர்ந்தால், முன்பணம் திரும்பக் கிடைக்கும் தங்குமிடத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்.

கிழமைகளில் செவ்வாய், புதன், வியாழன் நல்லவை. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே சமவெளியிலிருந்து வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை காலையில் இறங்கும் வண்டிகள் நிறைந்திருக்கும்.

நாளுக்குள்ளும் நேரம் முக்கியம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்த ஈரக்காற்று சூடாகி, சரிவை ஒட்டி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து மூடுபனியாகிறது. லேம்ஸ் ராக் அந்தப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பிலேயே இருப்பதால், பனி முதலில் மூடும் இடங்களில் இதுவும் ஒன்று. பதினோரு மணிக்கு மேல் சென்று காட்சி கிடைத்தால் அது நற்பேறு. காலை ஒன்பது மணிக்கு முன்பு பாறையில் இருப்பதுபோல் திட்டமிடுவதே முறை.

2. இ-பாஸ்: பயணத்தின் முதல் ஆவணம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரி மாவட்டத்திற்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோடை சீசனுக்கு வண்டிகளின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்பது அந்த வரம்பு. உத்தரவின் காலமும் வரம்பும் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதும் திருத்தப்படுவதும் உண்டு என்பதால், நாள் குறித்தவுடன் தளத்திற்குச் சென்று அன்றைய நிலையைப் பாருங்கள்.

விண்ணப்பம் தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் செய்யப்படுகிறது. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் வரும்; அதைக் கொண்டு உள்நுழைந்து, பெயர், முகவரி, வண்டி எண், வண்டியின் வகை, பயணிகளின் எண்ணிக்கை, நுழையும் நாள், வெளியேறும் நாள், பயணத்தின் நோக்கம், தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். ஆகையால் தங்குமிடத்தை உறுதி செய்தபின் இந்த விண்ணப்பத்தில் அமர்வது நல்லது. நிரப்பி முடித்ததும் கியூஆர் குறியீட்டோடு பாஸ் கிடைக்கும். அதைப் படமாகவும் சேமித்து, ஒரு தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸைச் சரிபார்க்கும் சோதனைச் சாவடிக்கு வந்து இணையத்தில் தேடிக்கொண்டிருந்தால், சிக்னல் கிடைக்காமல் பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இ-பாஸுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் உங்கள் ஆவண விவரங்களைக் கொடுக்காதீர்கள்.

பாஸ் வண்டியின் எண்ணோடு பிணைக்கப்பட்டது. வாடகை வண்டியில் செல்பவர்கள் இதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நாங்கள் சென்றபோது, வாடகை வண்டிக்காரர் பழுது என்று காரணம் சொல்லிக் கடைசி நேரத்தில் வேறொரு வண்டியை அனுப்பினார். பாஸில் இருந்ததோ பழைய வண்டியின் எண். சாவடியில் ஓரமாக நிறுத்தப்பட்டு, புதிதாக விண்ணப்பித்து, பாஸ் வந்து, மலையேறி முடிப்பதற்குள் நண்பகல் ஆகிவிட்டது. பாறையில் எங்களுக்காகக் காத்திருந்தது பனி மட்டுமே. ஆகவே புறப்படும் காலையில், வண்டியின் எண் பலகையையும் பாஸில் உள்ள எண்ணையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏறுங்கள். ஓட்டுநரின் பெயரில் எடுத்த பாஸாக இருந்தால், அதன் நகலை முதல் நாள் இரவே உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வெளியேறும் நாளை ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது. மழையாலோ போக்குவரத்தாலோ தங்க நேர்ந்தால் அது உதவும். இருசக்கர வாகனத்தில் செல்வோரும் பாஸ் எடுக்க வேண்டும். கேரள, கர்நாடகப் பதிவெண் வண்டிகளுக்கும் இதே நடைமுறைதான். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 கொண்ட வண்டிகளுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. சீசன் நாட்களில் வண்டிகளின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டாலும், பயணத்தைக் கைவிடாமல் இருக்க இது ஒரு நல்ல வழி. மேட்டுப்பாளையம் வரை சொந்த வண்டியில் வந்து, அதைக் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து பேருந்தில் ஏறுவோரும் இருக்கிறார்கள்.

3. மற்ற ஆவணங்கள்

சொந்த வண்டியானால் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கையும் நடப்பில் உள்ளவையாக வைத்திருங்கள். டிஜிலாக்கர் செயலியில் இருந்தாலும் போதும். ஆனால் இணையம் இல்லாத இடத்திலும் திறக்கும்படி முன்பே பதிவிறக்கி வையுங்கள். வாடகை வண்டியானால் மஞ்சள் எண் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் பயன்பாட்டிற்கான வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். வேற்று மாநில வாடகை வண்டிகள் தமிழ்நாட்டிற்கான அனுமதியும் வரியும் செலுத்தியிருக்க வேண்டும்.

தங்குமிடத்தில் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். குழந்தைகளின் ஆதார் நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. குன்னூரை அடைதல்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் மேலும் 34 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. தொலைவைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாவது பகுதி முழுவதும் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை என்பதால், நெரிசல் இல்லாத விடியற்காலையிலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். சீசன் நாட்களின் முற்பகலில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதியளிக்க முடியாது.

பேருந்தில் வருபவர்கள் கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புதிய பேருந்து நிலையத்திற்குச் செல்ல வேண்டும். காந்திபுரத்தில் இறங்கி அங்கேயே காத்திருந்து நேரத்தை இழப்பவர்கள் பலர். உதகைப் பேருந்துகள் குன்னூர் வழியாகவே செல்கின்றனவா என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள். கோத்தகிரி வழியாகச் செல்பவையும் உண்டு. வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் முன்னிருக்கையில் அமர்வதும், ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் நல்லது.

ரயிலில் வருவதானால், சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. அதற்கு இணைப்பாகக் காலை 7.10 மணிக்கு மலை ரயில் புறப்படுகிறது. ரயில்வேயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மலை ரயிலில் இடங்கள் குறைவு என்பதால், திறந்த அன்றே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கடினம். இங்கே பலரும் செய்யும் திட்டப் பிழை ஒன்று உண்டு. மலை ரயில் குன்னூரை அடையும்போது மணி பத்தரையை ஒட்டி ஆகிவிடும். அதிலிருந்து இறங்கி வண்டி பிடித்து லேம்ஸ் ராக் செல்லும்போது பனி ஏறும் நேரம் வந்திருக்கும். மலை ரயிலில் ஏறும் நாளையும் பாறைக்குச் செல்லும் நாளையும் ஒன்றாக்காதீர்கள். ரயிலில் வந்தால் அன்று குன்னூரில் தங்கி, மறுநாள் காலை பாறைக்குச் செல்லுங்கள்.

மைசூரு பக்கத்திலிருந்து வருபவர்கள், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த வழியாக வந்து அன்றே காலைக் காட்சியைப் பார்ப்பது இயலாது.

சொந்த வண்டி ஓட்டுபவர்களுக்கு இரண்டு சொற்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கும்போது எதிரே ஏறும் வண்டியைக் கண்டால் ஒதுங்கி வழி விடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே குறைந்த கியரில் இறங்குங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதே இந்தச் சாலையில் நேரும் பல விபத்துகளுக்குக் காரணம்.

5. முந்தைய இரவைக் குன்னூரிலேயே கழியுங்கள்

கோவையிலிருந்து விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டு ஒரே நாளில் சென்று திரும்புவது இயலாத செயல் அன்று. ஆனால் சாவடியில் சிறிது தாமதமானாலும் காலை கைநழுவிவிடும். எனவே குன்னூரில் ஓர் இரவு தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். உதகையில் தங்கிக் குன்னூருக்கு வருவது பலரின் வழக்கம். அது ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கூடுதல் பயணம், காலையில் முக்கால் மணி நேர இழப்பு. தங்குமிடம் தேடும்போது சிம்ஸ் பூங்கா அமைந்த மேல் குன்னூர்ப் பகுதியைப் பாருங்கள். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் இருக்கும் கீழ்ப்பகுதியின் நெரிசலுக்குள் காலையில் இறங்கி ஏற வேண்டிய தேவை அப்போது இராது. சீசனில் அறை வாடகை மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு ஏறும். விலையைக் கேட்கும்போதே வண்டி நிறுத்த இடம், வெந்நீர், காலை ஏழு மணிக்கு முன் வெளியேற வாயில் திறப்பார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

அன்று மாலையே தங்குமிடத்தில் இன்னொன்றையும் உறுதி செய்யுங்கள். லேம்ஸ் ராக் பகல் நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். மறுநாள் வாயில் எப்போது திறக்கும், காட்டுவிலங்கு நடமாட்டத்தாலோ மழையாலோ மூடியிருக்கிறார்களா என்பதை உள்ளூர்க்காரர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுச் சொல்லிவிடுவார்கள்.

6. குன்னூரிலிருந்து பாதையின் தொடக்கம் வரை

டால்பின் நோஸ் சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் குறுகலான சாலை. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால், ஒன்று நின்று ஓரம் ஒதுங்கியாக வேண்டிய இடங்கள் பல. காலை எட்டு மணிக்கு முன் சென்றால் இது ஒரு பொருட்டில்லை. பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கிவிட்டால், எட்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பதற்கில்லை.

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து இந்தச் சாலையில் அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன. மிகக் குறைந்த செலவு அதுதான் என்றாலும், அவற்றின் எண்ணிக்கை குறைவு. நிலையத்தில் உள்ள நேரக் காப்பாளரிடம், காலையில் முதல் பேருந்து எப்போது என்பதோடு, அதே வண்டி திரும்பும்போது லேம்ஸ் ராக்கை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகும் நேரத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வர வழியின்றி நிற்பவர்களை அங்கே பார்க்கலாம். அந்த இடத்தில் காலி ஆட்டோ கிடைப்பது அரிது.

ஆட்டோ அல்லது டாக்சி எடுப்பதானால், பேசும்போது எல்லாவற்றையும் சேர்த்தே பேசுங்கள். லேம்ஸ் ராக் மட்டுமா, டால்பின் நோஸும் சேர்த்தா, அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பார், அதற்கு மேல் காத்திருந்தால் தனிக் கட்டணம் உண்டா, இறக்கிவிடும் இடம் எது என்பவை தெளிவாக வேண்டும். ஒரு காருக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள். சீசனில் அது இன்னும் கூடும். பல ஓட்டுநர்கள் குன்னூர் சுற்றுலாவை ஒரு தொகுப்பாக வைத்திருப்பார்கள். அதில் சாக்லேட் கடையும் தேயிலைக் கடையும் முதலில் வரும், பாறை கடைசியில் வரும். வரிசையை மாற்றி, லேம்ஸ் ராக்கை முதலில் வையுங்கள் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கடைகளுக்குப் பனி ஒரு தடையன்று. பாறைக்கு அது தடை.

7. பையில் எடுத்துச் செல்ல வேண்டியவை, கூடாதவை

நீலகிரியில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டவை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளும் இதில் அடங்கும். சமவெளியில் வாங்கிய புட்டியைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள், அபராதமும் விதிக்கக்கூடும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் குப்பியில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். வழியில் நிரப்பிக்கொள்ளக் குடிநீர் ஏடிஎம்கள் உண்டு. அவற்றில் போட ஐந்து ரூபாய் நாணயங்கள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள்.

நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், தேநீர் என்று அங்கே செலவாவதெல்லாம் சிறு தொகைகள்தான். ஆனால் அவற்றைக் கைபேசியில் செலுத்தலாம் என்று நம்பிச் செல்லாதீர்கள். சிக்னல் நிலையாக இருக்காது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி தேவை. மழைக்காலத்தில் அட்டைகள் இருக்கும். நீண்ட காலுறை அணிந்து, சிறிது உப்பையும் பொட்டலமாக எடுத்துச் செல்லுங்கள். மெல்லிய மழைச்சட்டை எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும். தின்பண்டப் பைகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிப் பூட்டுங்கள். வாயிலைச் சுற்றி இருக்கும் குரங்குகள் கையில் தொங்கும் எந்தப் பையையும் உணவு என்றே எண்ணிப் பறிக்கும்.

டிரோன் கொண்டு செல்லாதீர்கள். அனுமதியின்றி நீலகிரியில் அதைப் பறக்கவிடுவது குற்றம்; குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இராணுவ நிலையங்கள் இருப்பதால் நடவடிக்கை கடுமையாகவே இருக்கும்.

கழிப்பிட வசதியைக் குன்னூரிலேயே பயன்படுத்திவிட்டுப் புறப்படுவது எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும், நல்லது.

8. நடை

வாயிலைக் கடந்தவுடன் ஒலி மாறுகிறது. சாலையும் கடைகளும் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, சில் வண்டின் ரீங்காரமும் பறவைக் குரல்களும் கேட்கத் தொடங்கும். பாதை தெளிவாக இருக்கிறது. வழி தவற வாய்ப்பில்லை. சில இடங்களில் படிகளும், சில இடங்களில் மரவேர்கள் குறுக்கிடும் மண்தடமும் உண்டு. மெதுவாக நடப்பவர்களுக்கும் இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகாது. முழங்கால் வலி உள்ள முதியவர்கள் ஓர் ஊன்றுகோலோடு, நின்று நின்று செல்லலாம். சக்கர நாற்காலியோ குழந்தைத் தள்ளுவண்டியோ இந்தப் பாதையில் போகாது; கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நடப்பதே வழி.

ஈரமான காலைகளில் வேர்களின் மேல் கால் வைக்காமல், அவற்றுக்கு இடையில் வையுங்கள். உயரமான மரங்களின் மேல் கறுத்த உடலும் நீண்ட வாலும் கொண்ட நீலகிரிக் கருங்குரங்குகளைக் காணும் வாய்ப்பு உண்டு. அவை கீழே வாயிலருகே இருக்கும் குரங்குகளைப் போல மனிதரை நெருங்குவதில்லை.

குன்னூர்ச் சுற்றுவட்டாரத்தில் காட்டுமாடுகளும் கரடிகளும் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடமாடுவது வழக்கமான செய்தி. எனவே வாயில் திறப்பதற்கு முன்பு வேறு வழியில் காட்டுக்குள் நுழையாதீர்கள். பாதையை விட்டு விலகிக் குறுக்கே இறங்காதீர்கள். காட்டுமாடு தென்பட்டால் படம் எடுக்க நெருங்காமல், சத்தமிடாமல், வந்த வழியே பின்வாங்கி அது கடந்து செல்லும்வரை காத்திருங்கள். அது அசையாமல் நிற்பதைச் சாதுவாக இருப்பதாக எண்ணி நெருங்கியவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள்.

9. பாறையின் விளிம்பில்

மரங்கள் விலகும் இடத்தில் பாறையும் கம்பித் தடுப்பும் தெரியும். தடுப்பைத் தாண்டினால் அதற்கப்பால் பல நூறு அடி நேர்ச்சரிவு. படத்திற்காகத் தடுப்பின் மேல் ஏறுவது, அதன் வெளிப்புறப் பாறையில் உட்காருவது ஆகியவற்றைச் செய்யாதீர்கள். உடன் வருபவர்களையும் செய்ய விடாதீர்கள். பனித்துளி படிந்த பாறை பார்வைக்கு உலர்ந்ததுபோல் தோன்றினாலும் வழுக்கும். குழந்தைகளின் கையைப் பாறை தொடங்கும் முன்பே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணை நேர் எதிரே வையுங்கள். பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் உயர்ந்து நிற்பது பக்காசூரன் மலை என்று உள்ளூரில் அழைக்கப்படும் உலிக்கல் துர்க்கம். பின்னர் பார்வையைக் கீழே இறக்கினால், சரிவின் மேற்பகுதியில் தேயிலையும், இறங்க இறங்கக் காப்பித் தோட்டங்களும், அடியில் காடும் என்று பச்சை நிறம் படிப்படியாக மாறுவதைக் காணலாம். உயரம் குறையக் குறைய வெப்பம் கூடுவதால் பயிர் மாறுகிறது. ஒரு மலையின் தட்பவெப்பத்தை இவ்வளவு தெளிவாக ஒரே இடத்தில் காட்டும் காட்சிமுனை நீலகிரியில் குறைவு. பள்ளத்தாக்கு வாய் திறக்கும் தென்கிழக்கில் சமவெளி தொடங்குகிறது. காலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்தே வருவதால், சமவெளியைப் படமெடுக்கும்போது மங்கலாகத்தான் வரும். எதிர்மலையை எடுப்பதற்கு அதுவே நல்ல நேரம்.

குறைந்தது அரை மணி நேரம் இருங்கள். ஐந்து நிமிடம் நின்று படமெடுத்துத் திரும்புபவர்கள், பனி நகர்ந்து விலகும் கணத்தைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் செல்லும்போது மூடியிருந்தாலும், காற்று வீசும் காலையானால் சிறிது நேரத்தில் திரை விலகுவதுண்டு. காற்றே இல்லாமல் அடர்ந்து நின்றால் காத்திருப்பதில் பயனில்லை. உரக்கப் பேசுவதும், எதிரொலி கேட்கக் கத்துவதும், கைபேசியில் பாட்டு வைப்பதும் அங்கே அமர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் காட்டுயிர்களுக்கும் இடையூறு. இந்த இடம் இன்றும் அமைதியாக இருப்பதற்கு, வருபவர்கள் அதை அப்படியே விட்டுச் செல்வதும் ஒரு காரணம்.

10. திரும்பும் வழியும் நேரமும்

இதே சாலையில் மேலும் சென்றால் லேடி கேனிங் சீட் என்ற இன்னொரு காட்சிமுனையும், அதைத் தாண்டி டால்பின் நோஸும் வரும். டால்பின் நோஸிலிருந்து கோத்தகிரிப் பக்கத்து கேத்தரின் நீர்வீழ்ச்சியைத் தொலைவில் காணலாம். ஆனால் அங்கே நடையும் இல்லை, அமைதியும் குறைவு; கடைகளும் வண்டிகளும் நிறைந்திருக்கும். ஒன்பதரை மணிக்குள் லேம்ஸ் ராக்கிலிருந்து வெளியே வந்துவிட்டால் அங்கும் சென்று வரலாம். அதற்கு மேலானால், எதிரே வரும் வண்டிகளில் சிக்காமல் குன்னூருக்குத் திரும்பிவிடுவதே மேல்.

கோடை சீசனில் நெரிசலைக் குறைக்க, மலையேறுவதற்குக் குன்னூர்ச் சாலையும் இறங்குவதற்குக் கோத்தகிரிச் சாலையும் என்று போக்குவரத்தை ஒருவழியாக்குவது காவல்துறையின் வழக்கம். அவ்வாறு மாற்றியிருந்தால், குன்னூரில் இருந்தாலும் நீங்கள் கோத்தகிரி சென்று, குஞ்சப்பனை வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமாவது கூடுதலாகும். கோவையில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள், அன்று காலை தங்குமிடத்தில் இதைக் கேட்டு, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தை முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள். மலை ரயிலில் இறங்க விரும்புவோருக்கு, உதகையில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் வண்டி குன்னூர் வழியாக மாலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. அன்றிரவு சென்னை செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க அது போதுமானது. மழைக்காலத்தில் மட்டும் இந்த இணைப்பை நம்பாமல், முற்பகலிலேயே அரசுப் பேருந்தில் மேட்டுப்பாளையத்திற்கு இறங்கிவிடுங்கள்.